நெல் பெட்டியோடு வயலில் புதைந்த டிராக்டர்

முரசுமோட்டைத் தம்பி:
நேற்று மாலை வாய்க்கால் ஓரத்தில் டிராக்டர் புதைந்துவிட்டது. பின் அச்சு வரை சேறு, பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் நெல் மூட்டைகள். பின்சில்லுகளில் மரக்குற்றியைக் கட்டி ஏற்றலாம் என்கிறார் மாமா. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணைமார்?

ஒட்டுசுட்டான் விவசாயி:
தம்பி, குற்றி வேண்டவே வேண்டாம். சில்லு சுழல முடியாமல் நின்றால், முன்பக்கம் எழும்பி டிராக்டர் பின்னால் கவிழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. என் பெரியப்பாவின் மகன் அப்படித்தான் இடுப்பு உடைந்து ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார்.

முதலில் மூட்டைகளை இறக்கிப் பெட்டியைக் கழற்றுங்கள். வாய்க்கால் தண்ணீரை மறித்துவிட்டு, சில்லுகளுக்கு முன்னால் சரிவாக வெட்டுங்கள். சேறு சில்லைப் பிடித்து உறிஞ்சுவதால்தான் இழுவை அவ்வளவு கனக்கிறது. பிறகு இன்னொரு டிராக்டரால் மெதுவாக, நேராக இழுக்க வேண்டும். இழுக்கிற டிராக்டரில் சங்கிலியை அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கொளுக்கியில்தான் கொளுவ வேண்டும். மேலே கொளுவினால் அதுவும் கவிழும்.

மாங்குளம் சாரதி:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணை. நைலோன் கயிறு என்றால் இன்னும் கவனம். இழுபட்டு அறுந்தால் சாட்டை போல அடிக்கும். கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது, சின்னப் பிள்ளைகளை வரம்பிலேயே மறித்துவிடுங்கள். நம் பக்கம் போர் நடந்த இடம்; புதுக் காணி என்றால், கண்ணிவெடி அகற்றிய இடம்தானா என்று கேட்காமல் மண்வெட்டி வைக்காதீர்கள்.

முரசுமோட்டைத் தம்பி:
பழைய வயல்தான் அண்ணை. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், குற்றி யோசனையைக் கைவிட்டுவிட்டார். விடிய மூட்டை இறக்கத் தொடங்குகிறோம்.