புதுப்பிப்பு: கார் ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் தொடர்ந்து போனது தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பிரச்சினை இதுதான்: நான்கு சேனல் ஆம்ப். ரிமோட் வயர் (ஆம்ப்பை ஆன் செய்யும் வயர்) இல்லாமலேயே, பவர் வயரைத் தொட்டதும் 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டும் போய்விடும். ஸ்பீக்கர், ஆர்சிஏ (பாட்டு சிக்னல் வரும் கேபிள்) கழற்றியும் அதே கதை.

கைகொடுத்தது, ஃபியூஸ் இடத்தில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போடச் சொன்ன யோசனை. பல்பு முழுப் பிரகாசமாக எரிந்தது. அப்படியென்றால் கரண்ட் எங்கோ தடையில்லாமல் பாய்கிறது, அதாவது ஷார்ட். ஆம்ப் ஆன் ஆகாமலேயே இப்படி என்பதால் அது பவர் சப்ளைப் பக்கம். பாதுகாப்பு டையோடு (பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் காப்பது) நன்றாக இருந்தது. பவர் சப்ளையில் ஸ்விட்ச் போல வேலை செய்யும் ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) நான்கில் ஒன்றில் ட்ரெயின், சோர்ஸ் என்ற இரு கால்களுக்கு இடையே கிட்டத்தட்ட 0 ஓம், அதாவது ஷார்ட். நான்கையும் மாற்றினேன், கேட் என்ற மூன்றாவது காலோடு சேரும், கருகிய 47 ஓம் ரெசிஸ்டரையும் சேர்த்து. அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் புது மாஸ்ஃபெட்டும் போகும்.

எதிர்பாராதது இனிமேல்தான். மாற்றியபின் மேசையில் வைத்துச் சோதித்தபோது பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது, கெபாசிட்டர் சார்ஜ் ஆவதால் அது சரியே. காரில் பொருத்தியதும் ஃபியூஸ் மறுபடி போனது! காரணம், மாஸ்ஃபெட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) இடையே கரண்ட் போகாமல் தடுக்கும் பழைய மைக்கா தாளில் கிழிசல். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகுதான் ட்ரெயின், 12 வோல்ட் வருவது அங்கேதான். அது ஹீட்சிங்க்கைத் தொட, ஹீட்சிங்க் திருகு வழியாகக் கார் பாடியைத் தொட, நேரே எர்த். மேசையில் ஹீட்சிங்க் எர்த்தோடு சேரவில்லை, அதனால் தெரியவில்லை. புதுத் தாள், தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) போட்டதும் தீர்ந்தது. மூடும் முன் ஒவ்வொரு ட்ரெயினுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், பீப் வரக்கூடாது.

25 ஆம்பியருக்குப் பதில் 40 ஆம்பியர் ஃபியூஸ் போடும் யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். போர்டே கருகிவிடும்.