ரைசன் 7 7700எக்ஸ் ஓவர்கிளாக்கிங்: பி650 மதர்போர்டு போதுமா, எக்ஸ்670இ வேண்டுமா?

காவிரிக்கரை கேட்டது:

வணக்கம். வீட்டிலேயே நானே பொருத்தவிருக்கும் டெஸ்க்டாப்புக்கு ஏஎம்டி ரைசன் 7 7700எக்ஸ் பிராசசரையும் ஒரு பெரிய ஏர் கூலரையும் வாங்கிவிட்டேன், மதர்போர்டுதான் பாக்கி. ஓவர்கிளாக் (நிர்ணயித்ததைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது) செய்வேன் என்றதும் கடைக்காரர், பெட்டியில் 18 ஃபேஸ் (பிராசசருக்கு மின்சாரம் தரும் சுற்றுகள்) என்று பெரிதாக அச்சிட்ட ஓர் எக்ஸ்670இ போர்டைக் காட்டி, பி650 போர்டுகள் ஓவர்கிளாக்கிங்கைத் தாங்காது என்கிறார். நான் மனத்தில் வைத்திருந்த பி650 போர்டைப் போல அதன் விலை இரு மடங்கு. கணினியை வீடியோ எடிட்டிங்குக்கும் விளையாட்டுக்கும் பயன்படுத்துவேன். ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் இரண்டு எம்.2 எஸ்எஸ்டியும் தவிர வேறெதுவும் மாட்டும் எண்ணம் இல்லை. திருச்சியில் ஏசி இல்லாத அறை என்பதையும் கணக்கில் கொண்டு, கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சாலிடர் எழுதியது:

கடைக்காரர் இன்டெல் பக்கத்து வழக்கத்தை இங்கே பொருத்திப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே பி760 சிப்செட்டில் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணைக் கூட்ட முடியாது; அதற்கு இசட்790 தேவை. உங்கள் பிராசசர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டில் ஏ620 போர்டுகளுக்குத்தான் அந்தத் தடை. பி650 போர்டிலேயே பிராசசர், ரேம் இரண்டையும் ஓவர்கிளாக் செய்ய ஏஎம்டி அனுமதிக்கிறது. எக்ஸ்670 என்பதே பி650-இல் ஒன்றாக இருக்கும் அதே சிப்பை இரண்டாக அடுத்தடுத்துக் கோத்ததுதான். அதனால் யுஎஸ்பி, சாட்டா, கூடுதல் எம்.2 இணைப்புகள் பெருகுமே தவிர, பிராசசரின் வேகத்தில் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூடக் கூடாது. பெயரில் ‘இ’ சேர்ந்தால் கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டும் பிசிஐஇ 5.0 என்று பொருள்; உங்கள் பயன்பாட்டில் அதன் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து ஃபேஸ் கணக்கு. 105 வாட் என்று குறிக்கப்படும் உங்கள் பிராசசர், சாக்கெட்டிலிருந்து அதிகபட்சம் 142 வாட் எடுக்கும்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது. தொடர்ச்சியான மின்னோட்ட வரம்பு 110 ஆம்பியர், கண நேர உச்சம் 170 ஆம்பியர். ஒவ்வொன்றும் 60 ஆம்பியர் தாங்கும் 12 பவர் ஸ்டேஜ்கள் (ஃபேஸ்களில் மின்னோட்டத்தைத் தரும் சிப்கள்) கொண்ட நடுத்தர பி650 போர்டை எடுத்துக்கொண்டால், காகிதத்தில் அதன் திறன் 720 ஆம்பியர். அந்த 60 என்பது நல்ல குளிர்ச்சியில் அளந்த எண் என்பதால் பாதியைக் கழித்தாலும், மீதி தாராளமாகவே இருக்கிறது. பெட்டியில் எழுதும் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம்: கன்ட்ரோலரின் ஒரே சிக்னலில் இரண்டு பவர் ஸ்டேஜ்களை இணைத்துவிட்டு, அதை இரண்டு ஃபேஸ் என்று கணக்குச் சொல்வது பரவலான வழக்கம். அது கெட்ட வடிவமைப்பு அல்ல; ஆனால் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் போர்டு உயர்ந்ததாகிவிடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது பவர் ஸ்டேஜ்களின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க். சாக்கெட்டின் இடப்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ள அலுமினியக் கட்டிகள் கனமாக இருக்கின்றனவா, காற்று புகும்படி பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா, போர்டின் பின்புறத்திலிருந்து ஸ்குரூ போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று கையில் வாங்கிப் பாருங்கள். சில போர்டுகளில் பளபளப்பான பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒல்லியான ஒரு பட்டைதான் இருக்கும். ஏசி இல்லாத அறையில், கோடை நாளில் ஒரு மணி நேரம் வீடியோ ரெண்டர் ஓடும்போது, அந்தப் பட்டைக்கும் கனமான கட்டிக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும்.

நாலாவது ஸ்லாட் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ரேம் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. இந்தப் பிராசசரில் ஓவர்கிளாக்கிங்கின் உண்மையான பலன் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். 7700எக்ஸுக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் ரேம் வேகம் நொடிக்கு 5200 மெகாடிரான்ஸ்ஃபர். எக்ஸ்போ (ரேமின் கூடுதல் வேக அமைப்பை ஒரே தேர்வில் இயக்கும் ஏஎம்டி வசதி) உள்ள 6000 வேக ரேம் வாங்கினால் மெமரி கன்ட்ரோலர் அதே வேகத்தில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடும். அதற்கு மேல் அதிக தூரம் போனால் விகிதம் பாதியாகி, எண்ணில் கூடிய வேகம் தாமதத்தில் கரைந்துவிடும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்பதற்காக நான்கையும் நிரப்பிவிடாதீர்கள்; நான்கு ரேம் பொருத்தினால் உறுதியளிக்கப்பட்ட வேகம் 3600 ஆக இறங்குகிறது. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி இரண்டை வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்துங்கள். முதல் தடவை ஆன் செய்ததும் திரையில் எதுவும் தெரியாமல் சில நிமிடங்கள் போகும். அது ரேமைப் பழக்கும் நேரம். பயந்துபோய் எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்துவிடக் கூடாது.

இன்னொன்று, எந்த போர்டானாலும் முதலில் பயாஸைப் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள். 2023 ஏப்ரலில் சில 7800எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய செய்திகள் வந்த பிறகு, எஸ்ஓசி மின்னழுத்தம் (பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி வரம்பு கொண்டுவந்தது. கடையில் நெடுநாள் கிடந்த போர்டில் அந்தத் திருத்தம் இல்லாமல் இருக்கலாம்.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் எல்லாக் கோர்களையும் 5.4 கிகாஹெர்ட்ஸில் நிலையாகப் பூட்டி ஓட்டுவதற்கு பி650 போதும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வெப்பமானி எழுதியது:

போர்டு இடம் கொடுக்கும், பிராசசர் கொடுக்காது. ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை ஏறி அங்கேயே நின்று வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. மின்னழுத்தத்தைக் கூட்டிப் பூட்டினால், உங்கள் அறை வெப்பத்தில் போர்டு சூடாவதற்கு முன்பே பிராசசர் அந்த வரம்பை முட்டிவிடும். எனவே பயாஸில் பிபிஓ வசதியை (பிராசசர் தானே வேகத்தைக் கூட்டுவதற்கான வரம்புகளைத் தளர்த்துவது) இயக்கி, மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 15-இல் தொடங்குங்கள். மின்னழுத்தம் குறைவதால் வெப்பம் குறையும், குறைந்த வெப்பத்தில் பிராசசர் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். இந்த அமைப்பு தவறினால் கனமான ரெண்டரில் தெரியாது. கணினி சும்மா இருக்கும்போதோ உலாவியைத் திறக்கும்போதோதான் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் கோர்சைக்கிளர் போன்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓட்டி, ஒவ்வொரு கோரையும் தனியாகச் சோதியுங்கள்.

பணத்தை எங்கே செலவிடுவது என்பதில் மட்டும் நான் சாலிடரிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். ஓவர்கிளாக் செய்பவருக்கு போர்டு எவ்வளவு தாங்கும் என்பதைவிட, பூட் ஆகாமல் போனால் எவ்வளவு எளிதாக மீளும் என்பது முக்கியம். பின்பக்கத்தில் கிளியர் சிமாஸ் (பயாஸ் அமைப்புகளை அழித்து பழைய நிலைக்குக் கொண்டுவருவது) பொத்தானும் பயாஸ் ஃபிளாஷ்பேக் (கணினி பூட் ஆகாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றுவது) பொத்தானும் இருக்கும் பி650 போர்டுக்கு ஓரளவு கூடுதலாகக் கொடுக்கலாம். பொத்தான் இல்லாத போர்டில் பட்டன் செல்லைக் கழற்ற வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும் என்பதால், கார்டைக் கழற்றிய பிறகுதான் கை எட்டும். எந்தக் கட்டத்தில் பூட் நின்றது என்று காட்டும் நான்கு சிறு எல்இடி விளக்குகள் போதும், பிழை எண்ணைக் காட்டும் இரண்டு இலக்கத் திரை கட்டாயமில்லை.

பிற்பாடு இதே போர்டில் 16 கோர் பிராசசர் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். 7950எக்ஸின் வரம்பு 230 வாட். அதற்கு 80 ஆம்பியர் பவர் ஸ்டேஜ்களும் கனமான ஹீட்சிங்க்கும் கொண்ட போர்டு நிம்மதி தரும். அப்போதும் அது எக்ஸ்670இ ஆக இருக்க வேண்டியதில்லை, பி650 வரிசையின் மேல்தட்டிலேயே கிடைக்கும். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ரேமின் மாடல் எண் அந்த போர்டுத் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்றும், உங்கள் ஏர் கூலர் முதல் ரேம் ஸ்லாட்டின் மேல் எவ்வளவு நீள்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.