பேப்பரில் 3,750 வெள்ளி, கையில் 2,600: சிங்கப்பூர் எஸ் பாஸுக்கு வரலாமா?

டெல்டாக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வயசு 29. மெக்கானிக்கல் டிப்ளமோ, ஓசூர்ல மெயின்டனன்ஸ் வேலை, கைக்கு 34,000 ரூபாய் வருது. மனைவி, ரெண்டு வயசு மகள். அப்பா அம்மா ஊர்ல.

திருச்சியில ஒரு ஏஜென்ட் சிங்கப்பூர்ல டெக்னீஷியன் வேலைன்னு எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கான அனுமதி) சொல்றார். ஆறரை லட்சம் கேட்கிறார். பாஸ்ல சம்பளம் 3,750 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) இருக்குமாம். அது அக்கவுண்ட்ல ஏறும், ஆனா மாசாமாசம் 1,150 வெள்ளியை எடுத்து கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கணும், கையில 2,600 நிக்கும்னு முன்னாடியே சொல்லிட்டார். தங்கறது, சாப்பாடு நம்ம செலவு. ரெண்டு வருஷ பாஸ். வரலாமா, வேண்டாமா? அங்க இருக்கறவங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க.

தேக்கா மணி

தம்பி, யோசிக்காம வாங்க. கணக்கு சொல்றேன். ரூம்ல ஷேரிங் பெட் 450, சமைச்சுச் சாப்பிட்டா 350, பஸ், எம்ஆர்டி ரயில் 120, போன் 20, கைச்செலவு 200. மொத்தம் 1,150க்குள்ள முடியும். 2,600ல 1,450 மிச்சம். வெள்ளி 65 ரூபாய்னு குறைச்சே வெச்சாலும் மாசம் 94,000. ஓசூர்ல அதை மிச்சம் பிடிக்க எத்தனை மாசம் ஆகும்? ஏழெட்டு மாசத்துல ஏஜென்ட் கடன் முடியும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் உங்க வீட்டுக்கு.

திருப்பிக் கொடுக்கிற காசு பல கம்பெனியில நடக்கிறதுதான். அதைப் பெருசாக்கினா யாரும் கப்பல் ஏறியே இருக்க முடியாது.

பொங்கோல் கீதா

மணி அண்ணா, நீங்கள் போட்ட கணக்கையே கடைசி வரைக்கும் போடுவோம். மாதம் 1,450 மிச்சம் என்றால் இரண்டு ஆண்டில் 34,800 வெள்ளி, ஏறக்குறைய 22.6 லட்சம் ரூபாய். அதே இரண்டு ஆண்டில் அவர் திருப்பிக் கொடுப்பது 27,600 வெள்ளி, கிட்டத்தட்ட 18 லட்சம். அதோடு ஏஜென்டுக்கு ஆறரை. ஆக 24.5 லட்சம். அவர் சேர்ப்பதை விட அவரிடமிருந்து பிடுங்குவது அதிகம். அந்த 22.6 லட்சத்திலும் ஆறரையும் வட்டியும் கடனுக்கே போய்விடும்.

நான் இங்கே ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், பாஸ் விண்ணப்பம் போடுவது என் அன்றாட வேலை. தம்பி, அந்த 3,750 எங்கிருந்து வந்தது தெரியுமா? 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300. அது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறி, 45 வயதில் 4,800 ஆகும். உங்கள் 29க்கு 3,700ஐ ஒட்டி வரும். அதற்குக் கீழே காட்டினால் மனிதவள அமைச்சு விண்ணப்பத்தையே ஏற்காது. அதனால்தான் பேப்பரில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம்.

வேலை கொடுப்பதற்காக ஊழியரிடம் பணம் வாங்குவது இங்கே குற்றம். வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. பொய்ச் சம்பளம் காட்டுவது தனிக் குற்றம். அதற்கு 20,000 வெள்ளி, சிறையும் உண்டு. முதலாளிகள் இதற்காக நீதிமன்றம் ஏறிய செய்திகள் தொடர்ந்து வருகின்றன.

தேக்கா மணி

கீதாம்மா, சட்டம் எனக்கும் தெரியும். ஆனா மாட்டினா முதலாளிக்கு அபராதம், தொழிலாளிக்கு என்ன ஆகும்? பாஸ் கேன்சல், ஸ்பெஷல் பாஸ் (தற்காலிகமா தங்க மட்டும் அனுமதி), கேஸ் முடியற வரைக்கும் வருமானம் இல்லாம சாட்சி சொல்லக் காத்திருக்கணும். ஊர்ல ஆறரை லட்சத்துக்கு ரெண்டு வட்டின்னா மாசம் 13,000. அதை யார் கட்டுவா? சட்டத்தை நம்பிப் போனவன் நடுத்தெருவுல நிக்கறான், வாயை மூடிட்டு ரெண்டு வருஷம் ஓட்டினவன் வீடு கட்டிட்டான். நான் என் கண்ணால பார்க்கிறதைத்தான் சொல்றேன்.

பொங்கோல் கீதா

அதே காரணத்தால்தான் ஏறுவதற்கு முன்பே வேண்டாம் என்கிறேன். வந்து மாட்டியவருக்கு வழியே இல்லை என்பதும் சரியில்லை. சாட்சியாக இருப்பவர்கள் தற்காலிக வேலைத் திட்டத்தில் வேறு முதலாளியிடம் வேலை செய்ய அமைச்சு அனுமதி தருவதுண்டு. டிடபிள்யூசி2, ஹோம் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர் நல அமைப்புகள் உதவுகின்றன. ஆனால் அந்த நிலைக்குப் போவது பெரிய வேதனை, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

வரியையும் விட்டுவிட்டீர்கள். வருமான வரி 3,750க்குத்தான் போடுவார்கள். ஆண்டுக்கு 800 வெள்ளி சொச்சம். உண்மையில் கிடைக்கும் 2,600க்கு என்றால் 200 சொச்சத்தில் முடிந்திருக்கும். கைக்கு நிற்காத காசுக்கும் இவர்தான் வரி கட்டுவார்.

சாங்கி சுந்தர்

எதற்கு எஸ் பாஸ்? எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (ஈபி, உயர்நிலை வேலைகளுக்கான அனுமதி) முயற்சி பண்ணுங்கள். லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்கு மாதந்தோறும் கட்டும் தொகை) கிடையாது, கோட்டா (நிறுவனத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு) கிடையாது, குடும்பத்தையும் கூட்டி வரலாம். நான் அப்படித்தான் வந்தேன்.

துவாஸ் குமார்

சுந்தர் சார், ஈபிக்கு ஆரம்பமே 5,600. அதுவும் வயசோட ஏறி 45ல 10,700. இவர் வயசுக்கு 7,000 பக்கம் காட்டணும். அதுக்கு மேல காம்பஸ்னு 40 பாயின்ட், சம்பளம், படிப்பு, கம்பெனியில எந்த நாட்டுக்காரங்க எத்தனை பேர்னு எல்லாம் பார்ப்பாங்க. ஒரு மெயின்டனன்ஸ் டெக்னீஷியனுக்கு யார் 7,000 கொடுப்பா? ஐடிக்காரங்க பாதையை எங்க ஆளுங்களுக்குக் காட்டாதீங்க.

டெல்டாத் தம்பிக்கு: நான் ஜூரோங் தீவுல ப்ராசஸ் கம்பெனி. ஊர்ல ஸ்கில் டெஸ்ட் (தொழில் திறன் தேர்வு) அடிச்சு வொர்க் பர்மிட்ல (எஸ் பாஸுக்குக் கீழ்நிலை வேலை அனுமதி) வந்தவன், இப்ப எஸ் பாஸ். என் கருத்து ரெண்டு பேருக்கும் நடுவுல இல்லை, நான் கீதாக்கா பக்கம்தான். ஆனா காரணம் வேற.

உங்க வேலை கைவேலை. மாசச் சம்பளம் 4,500 வெள்ளி வரைக்கும் இருக்கிற தொழிலாளிக்கு இங்க வேலை நேரச் சட்டம் உண்டு. வாரம் 44 மணி நேரம், அதுக்கு மேல ஒன்றரை மடங்கு ஓவர்டைம். 3,750 முழுக்க பேசிக்னா ஓவர்டைம் மணிக்கு 29 வெள்ளிக்கு மேல வரும். ஷட்டவுன் சீசன்ல (பராமரிப்புக்காக பிளான்ட்டை நிறுத்தற நேரம்) மாசம் 40 மணி நேரம் ஓவர்டைம் சாதாரணம். அது மட்டுமே 1,180 வெள்ளி. மாசாமாசம் காசைத் திருப்பி வாங்கற கம்பெனிக்காரன் உங்களுக்கு இந்த ஓவர்டைம் கொடுப்பானா? ஏடிஎம் கார்டையே வாங்கி வெச்சுக்கிற இடங்களும் இருக்கு. அப்புறம் லீவு கேட்கவும் பயம், உடம்பு சரியில்லைன்னு சொல்லவும் பயம். பேப்பர் பொய்யா இருந்தா நம்ம வாய் தானா அடைச்சுடும். முதலாளிக்கு அந்த 1,150 வெள்ளியை விட இதுல லாபம் ஜாஸ்தி.

தேக்கா மணி

அப்ப வொர்க் பர்மிட்ல வரச் சொல்றியா குமாரு? நாளுக்கு 25 வெள்ளி பேசிக்ல ஆரம்பிச்சு, டார்மிட்டரி, கேட்டரிங் சாப்பாடு, லாரில போக்குவரத்து. டிப்ளமோ படிச்ச ஆளுக்கு அதுதான் கௌரவமா? டெஸ்ட்டுக்கும்தான் லட்சக்கணக்குல வாங்கறாங்க.

துவாஸ் குமார்

அண்ணே, டெஸ்ட் காசும் கொள்ளைதான், மறுக்கல. ஆனா பர்மிட்ல இருந்தப்ப தங்க இடம் கம்பெனி பொறுப்பு, அதை முதலாளி கொடுத்தே ஆகணும். எஸ் பாஸ்ல அந்தக் கட்டாயம் இல்லை. 60,000 வெள்ளி மருத்துவக் காப்பீடு ரெண்டுக்கும் உண்டு. வெளியில ரூம் எடுத்துட்டு 2,600 வாங்கறதுக்கும், தங்கற இடத்தோட ஓவர்டைமும் சேர்த்து 1,400, 1,500 வாங்கறதுக்கும் மிச்சத்துல நீங்க நினைக்கிற அளவு வித்தியாசம் வராது. ஆறரை லட்சக் கடனையும் சேர்த்துப் பாருங்க.

ஆனா இவரை பர்மிட்ல வாங்கன்னு நான் சொல்ல வரல. நிஜமான 3,750க்கு இவருக்குத் தகுதி இருக்கு. அதைத் தேடட்டும்.

கல்லணை வாசுகி

நான் சிங்கப்பூர்ல இல்லை. என் வீட்டுக்காரர் அங்க எஸ் பாஸ்ல இருக்கார், நான் ரெண்டு பிள்ளைங்களோட ஊர்ல. இங்க யாரும் அந்தத் தம்பியோட மனைவியைப் பத்திப் பேசலைங்கறதால எழுதறேன்.

எஸ் பாஸ்னதும் குடும்பத்தோட போகலாம்னு ஊர்ல பல பேர் நினைக்கிறாங்க. மனைவி, பிள்ளைக்கு டிபென்டன்ட் பாஸ் வாங்கணும்னா மாசச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்கணும். 3,750லயும் முடியாது, 2,600லயும் முடியாது. விசிட் விசால ஒரு மாசம் போய்ட்டு வரலாம், அவ்வளவுதான். பிள்ளை இப்ப ரெண்டு வயசு. ரெண்டு வருஷ பாஸ்னு சொல்றாங்க, யாரும் ரெண்டு வருஷத்துல திரும்பறதில்லை. கடன் முடிஞ்சதும் வீடு, வீடு முடிஞ்சதும் நாத்தனார் கல்யாணம், அப்புறம் பள்ளிக்கூட ஃபீஸ்.

கீதாக்கா, சட்டப்படி வான்னு சொல்றது சுலபம். எங்க மாதிரி வீடுகளுக்கு சட்டப்படி வர்ற கதவு எங்க இருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க. மணி அண்ணே, 94,000 மிச்சம்னு சொல்றீங்களே, அப்பா முகத்தைப் போன்ல மட்டும் பார்த்து வளர்ற பிள்ளையை அந்தக் கணக்குல எங்க எழுதுவீங்க?

பொங்கோல் கீதா

வாசுகி, நீங்கள் கேட்டது நியாயம். கதவு குறுகலானது, ஆனால் இருக்கிறது.

குடும்பம் பற்றி முதலில். 6,000 சம்பளம் வந்து டிபென்டன்ட் பாஸ் கிடைத்தாலும் வாழ்க்கை இறுக்கம்தான். நாலறை வீவக வீடு (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு, நம் ஊர்க் கணக்கில் மூன்று படுக்கையறையும் கூடமும்) முழுதாக எடுத்தால் வாடகை 3,000க்கு மேல். வாங்கும் பொருளுக்கெல்லாம் 9 சதவீத வரி. பிள்ளைக்கு அரசுத் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்தாலும் இந்தியக் குடிமகன் என்றால் கட்டணம் மாதம் 900 வெள்ளிக்கு மேல். மனைவி வேலைக்குப் போகலாம் என்றால், 2021 மே முதல் அவருக்கும் தனியே வேலை பாஸ் வேண்டும். ஆகவே 6,000ஐக் கனவாக வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

இனி அந்தக் கதவு. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்பதை இந்திய அரசின் இமைக்ரேட் இணையத்தளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர்ப் பக்கம் உரிமம் பெற்ற ஏஜென்சி அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம், ரசீது தரவேண்டும். 3,750க்கு அது 7,500 வெள்ளி. தம்பியிடம் கேட்பது 10,000 வெள்ளி. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, அங்கே பதிந்து வையுங்கள். வேலை உடனே வந்துவிடும் என்று சொல்லமாட்டேன்.

தேக்கா மணி

பதிஞ்சு வெச்சுட்டு எத்தனை வருஷம் காத்திருப்பான்? சேவைத்துறைக் கம்பெனின்னா பத்து சதவீதம்தான் எஸ் பாஸ் கோட்டா, உற்பத்தித் துறைன்னா பதினஞ்சு. தலைக்கு 650 வெள்ளி லெவி. நிஜமா 3,750ம் கொடுத்து லெவியும் கட்டினா முதலாளிக்கு 4,400 ஆகுது. அந்தக் காசுக்கு அவன் மலேசியாக்காரனைத் தேடிக்கிட்டுப் போயிடுவான். நம்ம பசங்களுக்குக் கிடைக்கிற இடமே இந்த மாதிரிதான். அதையும் தடுத்துட்டு எல்லாம் நேர்மைன்னு பேசறது வயித்தை நிரப்பாது. வாசுகி தங்கச்சி, உன் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லைம்மா. என் பிள்ளைங்களும் அப்படித்தான் வளர்ந்தாங்க.

துவாஸ் குமார்

அண்ணே, 4,400 கொடுக்கிற கம்பெனிகள் இருக்கு. என்னோடது அப்படித்தான். பம்ப், வால்வு, இன்ஸ்ட்ருமென்ட் தெரிஞ்ச ஆளுக்கு இங்க தட்டுப்பாடு இருக்கு. ஏஜென்ட் மூலமாத்தான் வரணும்னு நாமளே நம்பிட்டதால காசு கொடுக்கிறவனுக்கு மட்டும் வேலைங்கற நிலை வந்துடுச்சு.

டெல்டாக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேத்து ஏஜென்ட்கிட்ட கம்பெனி பேரும் ஐபிஏ லெட்டரும் (பாஸுக்கு அமைச்சு தர்ற முதற்கட்ட ஒப்புதல் கடிதம்) கேட்டேன். முதல்ல ரெண்டு லட்சம் கட்டு, பேரு அப்புறம்தான்னு சொல்லிட்டார். பணம் கட்டல. மணி அண்ணன் சொல்ற மாதிரி வாய்ப்பு போயிடுமோன்னு மனசு அடிச்சுக்குது, மறைக்கல. வீட்டுல மனைவிகிட்ட வாசுகி அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். அவங்க எதுவும் சொல்லல.

எங்க பிளான்ட்ல முன்னாடி இருந்த ஒரு இன்ஜினியர் இப்ப அங்க இருக்கார். நேரடியா அவர் கம்பெனிக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். இன்டர்வியூல என்ன கேட்டுக்கணும்?

துவாஸ் குமார்

கூச்சப்படாம கேளுங்க. சம்பளத்துல பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் என்னென்ன. ஓவர்டைம் பேசிக்லதான் கணக்காகும், அதனால 2,000 பேசிக், 1,750 அலவன்ஸ்னு பிரிச்சா ஒத்துக்காதீங்க. தங்க இடம் கொடுப்பாங்களா, ஷட்டவுன்ல எத்தனை மணி நேரம், திரும்பற டிக்கெட் யாரோடது. ஐபிஏ வந்ததும் அதுல இருக்கிற தொகையும் அவங்க சொன்னதும் ஒண்ணான்னு பாருங்க. அந்த லெட்டரைப் போன்லயும் வெச்சுக்குங்க, வீட்டுல ஒரு காப்பியும் கொடுத்துட்டு வாங்க.

பொங்கோல் கீதா

இன்னொன்று. வேலையை விட்டாலோ நீக்கினாலோ எஸ் பாஸ் ரத்தானபின் பொதுவாக 30 நாள்தான் இங்கே தங்க முடியும். அதற்குள் புது வேலை பிடிக்கவேண்டும். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஓசூர் வேலையை ஐபிஏ கைக்கு வரும்வரை விடாதீர்கள்.