நெல் மகரந்தப்பை வளர்ப்பு: தளிர் எல்லாம் வெள்ளையா வருது, என்ன பிழை?

வெள்ளவத்தைவாசி:
இறுதியாண்டு புரொஜெக்ட். கொழும்பில பிஜி 352 நெல்லில மகரந்தப்பையை வளர்த்து ஒருமடியக் கன்று (ஒரு தொகுதி நிறமூர்த்தம் மட்டும் உள்ளது) எடுக்கப் பாக்கிறன். என்6 வளர்ப்பு ஊடகம், 2,4-டி ஓமோன் லீற்றருக்கு 2 மில்லிகிராம், 25 பாகையில இருட்டு. வைச்சது 600 மகரந்தப்பை, கலஸ் (உருவமில்லாத கலத்திரள்) வந்தது 11 இல. தளிர் விட வைக்கிற எம்எஸ் ஊடகத்துக்கு மாத்தி வெளிச்சத்தில வைக்க 4 தளிர். நாலும் பயறு முளை மாதிரி வெள்ளை வெளேர். இரும்பைக் கூட்டவோ? விளக்குக் காணாதோ?

குடலைக்கதிர்:
ரெண்டும் இல்லை. அது அல்பினோ, பச்சையம் உண்டாகாத கன்று. நுண்வித்தில (மகரந்தமணியாக வேண்டிய இளம் கலம்) இருந்து வாற தானியக் கன்றுகளில பச்சையவுருமணியின்ர டிஎன்ஏயில பெரிய துண்டுகளே காணாமல் போறது உண்டு. இல்லாத மரபணுவை ஊடகம் எங்க இருந்து குடுக்கும்? எறியுங்கோ. கலஸ் எவ்வளவு நாள் கிடந்தது? கதிருக்குக் குளிர் குடுத்தனீங்களோ?

வெள்ளவத்தைவாசி:
ஆறாம் கிழமை கலஸ் தெரிஞ்சது. பிறகு சோதினை. மாத்தேக்க 5 மில்லிமீற்றர் தாண்டிட்டுது. கதிர், கொடியிலை (கதிருக்குக் கீழ இருக்கிற கடைசி இலை) அளவைப் பாத்து எடுத்தது. 4 பாகை பிரிட்ஜில 3 நாள். எல்லாரின்ர சாமானும் அதுக்குள்ளதான், கதவு திறந்து மூடினபடி.

குடலைக்கதிர்:
பிடிபட்டுது. 1–2 மில்லிமீற்றர் வந்த உடன மாத்தோணும், கிடக்கக் கிடக்க வெள்ளை கூடும். குளிர் 8–10 பாகை, ஒரு கிழமையளவு. இலை அளவை மட்டும் நம்பாதேங்கோ. ஒரு மகரந்தப்பையை அசெற்றோகார்மின் சாயத் துளியில நசிச்சு நுணுக்குக்காட்டியில பாருங்கோ. ஒற்றைக் கரு சுவரோட ஒதுங்கி நிக்கோணும். மாப்பொருள் நிரம்பத் தொடங்கினா பிந்திட்டுது.

பிஜி 352 இண்டிகா வகை நெல், வளர்ப்புக்கு இலகுவில மசியாத பிடிவாதக்காரன். பக்கத்தில, இலகுவில வாற ஜப்போனிக்கா வகை ஒண்டும் வையுங்கோ. அதுவும் வராட்டி பிழை உங்கட கையில.

சீனிப்போத்தல்:
சுக்குரோசுக்குப் பதிலா மோல்ற்றோஸ் போட்டுப் பாருங்கோ. பார்லியில எனக்கு அதுதான் கைகுடுத்தது.

இன்னொண்டு, பச்சை வந்தாலும் துள்ளாதேங்கோ. மகரந்தப்பைச் சுவரில (24 நிறமூர்த்தம் உள்ள சாதாரண கலம்) இருந்தும் கன்று வரும். வேர்நுனியில 12 நிறமூர்த்தம் எண்டா ஒருமடியம், சரி. 24 எண்டா தானா இரட்டிச்சதோ சுவரோ எண்டு சொல்ல ஏலாது. பிஜி 352 தூய வழி, ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ரெண்டு வழியைக் கலந்த முதல் தலைமுறை (எஃப்1) செடியில செய்தா மரபணுக் குறியீட்டால பிரிச்சறியலாம்.

வெள்ளவத்தைவாசி:
அட, அதை யோசிக்கவே இல்லை. எஃப்1 விதைக்கு மேற்பார்வையாளரிட்டக் கேக்கிறன். பக்கத்து லாபில 10 பாகை இன்கியுபேற்றர் ஒண்டு சும்மா கிடக்காம். 'திறக்காதே' எண்டு மூண்டு மொழியிலயும் எழுதியாச்சு, நாளைக்குப் போய் ஒட்டவேண்டியதுதான்.