மணியின் படம் (எங்கள் வீட்டுக் குழு)

சனிக்கிழமை

அக்கா: எல்லோருக்கும் ஒரு செய்தி. மணி வந்த காப்பகத்தில் அடுத்த ஆண்டுக்கு நாட்காட்டி போடுகிறார்கள். அங்கிருந்து வீடு கிடைத்துப் போன நாய்களின் படம், மாதத்துக்கு ஒன்று. வரும் பணம் முழுவதும் இப்போது அங்கே இருக்கும் நாய்களின் மருத்துவச் செலவுக்கு. படத்தை நாமே எடுத்து அனுப்ப வேண்டும்.

பெரியம்மா: ரொம்ப நல்ல காரியம் கண்ணு. நம் மணிக்கு எந்த மாதம்?

அக்கா: அதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள் பெரியம்மா. முதலில் படம் நன்றாக வர வேண்டும்.

தம்பி: நான் இப்போதே எடுக்கிறேன்.

தம்பி: [11 படங்கள்]

சித்தப்பா: பார்த்தேன்டா. எதிலும் மணியின் முகம் தெரியவில்லை. ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறாய், கேமரா பின்னால் இருக்கும் வெளிச்சத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. கருப்பு நாய்க்கு அது ஆகவே ஆகாது.

தம்பி: அதனால்தான் கடைசி நான்கில் ஃபிளாஷ் போட்டேன் சித்தப்பா. கண் பச்சையாக எரிகிறது!

சித்தப்பா: நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஓர் அடுக்கு உண்டு. இருட்டில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தை இன்னொரு தடவை பயன்படுத்திக்கொள்ள உதவுவது அது. ஃபிளாஷ் அதில் பட்டு உன்னிடமே திரும்பி வந்துவிட்டது. ஃபிளாஷே வேண்டாம், அவனுக்கும் கண் கூசும்.

சித்தப்பா: நாளைக் காலையில் வாசலில் எடு. வெயிலில் இல்லை, நிழலில். முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கட்டும். போனில் அவன் முகத்தைத் தொட்டால் ஒரு சூரியக் குறி வரும், முடி இழை இழையாகத் தெரியும்வரை அதை மெதுவாக மேலே இழு. அப்புறம், நின்றுகொண்டு எடுக்காதே. தரையில் படு. அவன் கண்ணும் உன் கேமராவும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

அக்கா: [படம்] இந்தத் தொப்பியோடு எடுத்தால் எப்படி இருக்கும்?

அம்மா: கழற்றிவிடு. படத்தை நன்றாகப் பார், காதை ஒட்ட வைத்துக்கொண்டு மூக்கை நக்குகிறான். நீ எடுக்கும்போது இரண்டு தடவை கொட்டாவியும் விட்டான். தூக்கமில்லை அது. பிடிக்கவில்லை என்பதை அவன் அப்படித்தான் சொல்வான்.

அக்கா: சரிம்மா, கழற்றிவிட்டேன். 🙏

தம்பி: ஒரு யோசனை. என்னிடம் ஒரு செயலி இருக்கிறது. வாயைச் சுற்றி இருக்கும் நரையைக் கருப்பாக்கலாம், கிழிந்த இடது காதையும் சரிசெய்யலாம். சின்ன நாய் மாதிரி இருப்பான்.

அக்கா: செய்யலாமே. மாதம் முழுக்கச் சுவரில் தொங்கப் போகிற படம், அழகாக இருந்தால்தானே வாங்குவார்கள்.

அம்மா: வேண்டாம்.

அம்மா: நாம் காப்பகத்துக்குப் போன அன்று உங்கள் இரண்டு பேருக்கும் குட்டிதான் வேண்டும் என்று இருந்தது. வந்த எல்லோரும் குட்டிகள் இருந்த கூண்டைத்தான் சுற்றி நின்றார்கள். இவனுக்கு அப்போதே 7 வயது, காதும் இப்படித்தான் இருந்தது. யார் வந்தாலும் எழுந்து முன்னால் வருவான், அவர்கள் தாண்டிப் போனதும் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வான். நான் பார்த்துக்கொண்டு இருந்த நேரத்திலேயே மூன்று தடவை அப்படிச் செய்தான். அதனால்தான் இவனைக் கூட்டி வந்தேன். அந்த நரை இந்த 4 வருடத்தில் என் கண் முன்னால் வந்தது. இப்போதும் அங்கே இவனை மாதிரி வயதான நாய்கள் இருக்கின்றன. அதுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு மணியை உள்ளபடியே காட்ட வேண்டும்.

சித்தப்பா: அண்ணி சொல்வதுதான் சரி. கருப்பு முகத்தில் அந்த வெள்ளைதான் படத்துக்கே வெளிச்சம். அதை அழித்தால் முகத்தில் பார்க்க என்ன இருக்கும்?

தம்பி: மன்னித்துவிடும்மா. காதையும் தொட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

தம்பி: ஆரம்பித்தாயிற்று. கீச்சிடும் பொம்மைக்கு இரண்டு தடவை தலையைச் சாய்த்துப் பார்த்தான். மூன்றாவது தடவை திரும்பவே இல்லை.

சித்தப்பா: அது அவ்வளவுதான், பழகிப்போகும். எல்லாம் தயாரான பிறகுதான் சத்தம் கொடுக்க வேண்டும்.

தம்பி: சிவப்புப் பந்தைப் புல்லில் உருட்டினேன், கண்டுகொள்ளவில்லை.

சித்தப்பா: நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். புல்லில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. நீலப் பந்து இருந்தால் எடு.

அம்மா: பத்து நிமிடம் ஆகிவிட்டது. மூச்சு வாங்குகிறான், தண்ணீர் வைத்திருக்கிறேன். போதும், அவன் எழுந்து வந்தால் மறுபடி எடுக்கலாம்.

தம்பி: 140 படம் எடுத்தேன். பாதிக்கு மேல் தலை ஆடிவிட்டது, மூன்று தேறும்.

தம்பி: [படம்]

பெரியம்மா: ஐயோ, இந்தக் கண்ணைப் பார்! யாரைப் பார்க்கிறான்?

தம்பி: பந்தையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன் பெரியம்மா. அம்மா என் பின்னால் வந்து சும்மா நின்றார்கள். அவனாகவே நிமிர்ந்து பார்த்தான்.

அக்கா: இதுதான். தொப்பியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

சித்தப்பா: ஒவ்வொரு முடியும் தெரிகிறது. நன்றாக எடுத்திருக்கிறாய்டா. ஆனால் இந்தக் குழுவில் வந்த படத்தை அனுப்பிவிடாதே, இது சுருங்கியது. ஏ4 பக்கத்தில் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சிட 2480-க்கு 3508 பிக்சலாவது வேண்டும். மூலப் படத்தை ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அக்காவுக்கு அனுப்பு.

தம்பி: அனுப்பிவிட்டேன்.

அக்கா: வந்துவிட்டது. படத்துக்குக் கீழே போட இரண்டு வரி கேட்கிறார்கள். அம்மா, நீங்களே சொல்லுங்கள்.

அம்மா: மணி. 7 வயதில் வீட்டுக்கு வந்தான், இப்போது 11.

அக்கா: அப்படியே போட்டு அனுப்பிவிட்டேன்.

பெரியம்மா: எனக்கு நான்கு நாட்காட்டி எழுதி வைத்துக்கொள் கண்ணு.