தண்ணி ஊத்தின டின், பால் டின்னை முந்துது – எங்க பிழை?

டிக்கோயா பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஏ.எல் ரெண்டாம் வருசம், பௌதிகவியல். சாய்தளத்துல உருளுற பாடம் முடிஞ்சிச்சு, வீட்டுலயே செஞ்சு பாப்பமேன்னு லயத்து வாசல்ல கெடந்த கூரைப் பலகை ஒண்ண எடுத்து 2 மீற்றருக்கு கோடு போட்டு, ஒரு பக்கம் கல்லு வச்சு 20 சென்ரிமீற்றர் உசத்துனேன், அப்ப சைன் 0.1 தானே. டின்பால் (சீனி போட்ட கட்டிப்பால்) டின் மூணு, ஒரே சைஸ். ஒண்ணு இன்னும் ஒடைக்காதது. மத்த ரெண்டும் அம்மா தேத்தண்ணிக்கு மேல ரெண்டு ஓட்டை போட்டு ஊத்தி முடிச்சது, கழுவி ஒண்ண வெறுசா வச்சேன், மத்ததுல அந்த ஓட்டை வழியாவே தண்ணி ரொப்பி மெழுகுதிரி ஒழுக்கி அடைச்சிட்டேன். கடைத் தராசுல பால் டின் 450 கிராம், தண்ணி டின் 360, வெறும் டின் 60.

கணக்குப்படி திண்ம உருளைக்கு 2.47 செக்கன், வெறும் டின்ன வளையம்னு எடுத்தா 2.86. போன்ல வீடியோ எடுத்து ஒவ்வொண்ணும் பத்துத் தரம் உருட்டி சராசரி எடுத்தேன். பால் டின் 2.5, அது சரி. வெறும் டின் 2.75. தண்ணி டின்னு மட்டும் 2.24! நிறை வெட்டுப்பட்டுப் போகும்னு தானே படிச்சோம், அப்ப ரொம்பின டின் ரெண்டும் ஒண்ணா வரணும்ல, இது பாரம் கொறைஞ்சதே முந்துதே. எங்க பிழை விட்டேன்னு தெரியல, நாளைக்கழிச்சு சேர்ட்ட காட்டணும், யாராவது சொல்லுங்க.

கொட்டகலை அண்ணன்:
தம்பி பலகைய பாத்தியா? கூரைப் பலகைன்னா மழையில நனைஞ்சு நடுவுல வளைஞ்சிருக்கும். நூலைக் கட்டி இழுத்துப் பாரு. டின் ஓரமா போயி உரசினாலும் நேரம் மாறும்.

டிக்கோயா பொடியன்:
நூல் புடிச்சுப் பாத்தேன் அண்ணே, வளைவு இல்ல. மூணையும் ஒரே கோட்டுல, மாத்தி மாத்தித் தான் விட்டேன். ஒவ்வொரு தரமும் தண்ணி டின் தான் மொதல்ல.

பண்டாரவளை அக்கா:
தம்பி, நீங்க அளந்ததுல பிழை இல்ல, தண்ணியையும் திண்ம உருளைன்னு எடுத்தீங்களே அங்க தான் பிழை. உருளுறப்ப ஆர்முடுகல் (வேகம் கூடுற வீதம்) வந்து ஜீ சைன் தீற்றாவை (1 + கே) ஆல பிரிச்சது; ஜீ புவியீர்ப்பு ஆர்முடுகல், தீற்றா பலகையோட சாய்வுக் கோணம், கே சுத்துற பாரம் நடு அச்சுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு காட்டுற எண். திண்ம உருளைக்கு கே அரை, வளையத்துக்கு 1. இந்த கே எதுக்கு வருதுன்னா, கீழ எறங்குறப்ப கெடைக்கிற சக்தியில ஒரு பங்கு சுத்துறதுக்குப் போயிடுது, அதனால எறங்குற வேகத்துக்கு மிச்சம் கொறைவு. ஆனா தண்ணி சுத்துதா? டின்னோட தகரம் சுத்துது, தகரத்த ஒட்டின ஒண்ணு ஒண்ணரை மில்லிமீற்றர் தண்ணி கூடச் சுத்தும், ரெண்டு செக்கனுக்குள்ள அதுக்கு மேல உள்ள பரவ நேரம் பத்தாது. மத்தத் தண்ணியெல்லாம் சுத்தாம அப்படியே எறங்குது, தகரம் உருளுது தண்ணி வழுக்குதுன்னு வச்சுக்கங்க. உங்க எண்ண வச்சுப் போட்டுப் பாத்தேன், தகரம் 60, தண்ணி 300, ஒட்டின படை ஒரு 25 கிராம்னு வச்சா கே 0.2 கிட்ட வருது, நேரம் 2.2. நீங்க அளந்தது 2.24, எனக்குப் பாக்கவே சந்தோசமா இருந்துச்சு.

டின்பால் கட்டியா இருக்கும், பிசுக்குமை (ஒழுக விடாம இழுத்துப் புடிக்கிற தன்மை) கூட, அதனால டின்னோட சேந்து சுத்திடும், திண்மம் மாதிரி தான். அவிச்ச முட்டையையும் பச்சை முட்டையையும் மேசையில சுத்தி விட்டுப் பாருங்க, பச்சை முட்டை சுத்த மாட்டேன்னு தள்ளாடும், அதே சங்கதி.

வெறும் டின்னுக்கு 2.86 வராததுக்குக் காரணம் அடியும் மூடியும். அது ரெண்டும் தட்டு, தட்டுக்கு கே அரை தான். ஆரை 3.7, ஒசரம் 8 சென்ரிமீற்றர்னு எடுத்துப் பாத்தா மொத்தத்துக்கு 0.84, நேரம் 2.74. இன்னொண்ணு, உராய்வே இல்லாம வழுக்குற கட்டைக்கு இந்தப் பலகையில 2.02 செக்கன். அதுக்கும் கொறைவா எது வந்தாலும் கைய வச்சு தள்ளிட்டீங்கன்னு அர்த்தம்.

நானுஓயா ரெயில்வே மாமா:
அக்கா சொன்னத ரெயில வச்சு சொல்றேன் மகன். பெட்டி உருளுறது இல்ல, சில்லு மட்டும் தான் உருளுது, பெட்டியோட பாரத்துக்கு முன்னால சில்லு சுத்துற கணக்கு சின்னது. மலைநாட்டுப் பாதையில கூடின சாய்வு 44க்கு 1, அதுல பிரேக் இல்லாம ஒரு பெட்டி எறங்கினா உராய்வ விட்டுட்டுப் பாத்தா வேகம் செக்கனுக்கு செக்கன் 0.22 மீற்றர் கூடும், ஒரு நிமிசத்துல மணிக்கு 48 கிலோமீற்றர் வந்துரும். அதனால தான் தனியா நிக்கிற பெட்டிக்கு சில்லுக்கு கட்டை வைக்காம நாங்க நகர மாட்டோம்.

டிக்கோயா பொடியன்:
ரொம்ப நன்றி அக்கா, மாமா. அப்ப தண்ணிய எடுத்துட்டு சுத்துற மாதிரி ஒண்ணப் போட்டா 2.5 வரணுமே?

பண்டாரவளை அக்கா:
வரணும். ஈர மணல் போட்டு இறுக்கிப் பாருங்க, அரைவாசி மட்டும் போட்டா உள்ள சரிஞ்சு நின்னு நின்னு போகும், முழுசா ரொப்பணும். ஸ்டொப் வொட்ச்சே வேணாம், ரெண்டு டின்னையும் ஒரு அடிமட்டத்தால மறிச்சு ஒண்ணா விடுங்க, தண்ணி டின் கோட்டைத் தொடுறப்ப மத்தது 35, 40 சென்ரிமீற்றர் பின்னுக்கு நிக்கும்.

டிக்கோயா பொடியன்:
அக்கா இப்ப தான் செஞ்சு முடிச்சேன். வெறும் டின்னுல ஓட்டைய ஆணியால பெருசாக்கி, ஆத்து மணல் அரிச்சு நனைச்சு, தட்டித் தட்டி ரொப்பினேன், 590 கிராம். தண்ணி டின்ன விட அவ்வளவு பாரம், வந்தது 2.49! ஒண்ணா விட்டுப் பாத்தப்ப தண்ணி டின் கோட்டுல, மணல் டின் 37 சென்ரிமீற்றர் பின்னால, வீடியோவ நிப்பாட்டி அடிமட்டம் வச்சே அளந்தேன். தங்கச்சிக்கு மூணு தரம் காட்டினேன், அவ இன்னும் தண்ணி டின்ன கைல வச்சு குலுக்கிக் கிட்டே இருக்கா.