கோட்டையூர்ச் சேகரிப்பு கப்பல் ஏறியதா?

கண்டனூரான்: "செட்டிநாட்டு ஏடு, புத்தகம் எல்லாவற்றையும் அமெரிக்காவுக்கு ஏற்றிப் போய்விட்டார்கள், இனி எதை ஸ்கேன் செய்வது?" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. அவர் சொல்வது கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை; அவர் சேர்த்த தமிழ் நூல்கள், இதழ்கள் முதலியவை சுமார் 1 லட்சம். 1992ல் முத்தையா காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது உண்மை. ஆனால் கப்பல் ஏறவில்லை. 1994ல் சென்னையிலேயே நூலகமானது.

தேவகோட்டை ரஸ்தா: எழுதியது நான்தான். வாங்கியது யார், சிகாகோதானே? அப்புறம் என்ன?

கண்டனூரான்: வாங்கியதை நான் மறுக்கவே இல்லை. ஏறியதா, இல்லையா? மைக்ரோபிலிம் (சிறிதாக்கிய படச்சுருள்) பிரதி போனது, மூலம் இங்கேயே இருக்கிறது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: தம்பிகளா, எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறையில் ஐயா காலத்து ரங்கூன் கணக்குப் பேரேடுகளும் இசைகுடிமான (கல்யாண ஒப்பந்த) ஓலைகளும் கிடக்கின்றன. படம் எடுக்க வந்தால் கொடுப்பேன். முதலில் எண்ணெய் பூச வேண்டுமாமே?

காரைக்குடி கணக்கு: ஆச்சி, பேரேட்டில் எண்ணெய் பட்டால் காகிதம் போச்சு! எலுமிச்சைப்புல் எண்ணெய் ஓலைக்குத்தான். அதையும் தெரிந்தவர்கள் பூசட்டும். ஆனால் பேரேட்டை இணையத்தில் போடுவதற்கு நான் எதிரி. யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா?

கண்டனூரான்: பர்மாவில் நம் ஆட்கள் எப்படித் தொழில் செய்தார்கள் என்று அந்தப் பேரேடுதானே சொல்லும்? பூட்டி வைத்துக் கரையானுக்குக் கொடுப்பதா? சரி, அது வேறு பேச்சு. ரஸ்தா பதில் சொல்லட்டும். ஏறியதா?

தேவகோட்டை ரஸ்தா: சென்னை என்ன செட்டிநாடா? கோட்டையூரை விட்டுப் போனது போனதுதான்.

கண்டனூரான்: இப்போது சென்னைக்கு மாறிவிட்டீர்கள்! முதலில் எழுதியது அமெரிக்கா. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நம் செட்டிநாட்டு வீட்டுத் தூணும் நிலைக்கதவும் விலைக்கு நிற்கின்றன. அப்போது எங்கே போனது இந்த ஊர்ப்பற்று?

தேவகோட்டை ரஸ்தா: என் வீட்டுக் கதவை விற்றது எங்கள் பங்காளிகள் முடிவு. அதைக் குத்திக்காட்ட நீங்கள் யார்? போன வருடம் கோயில் கணக்கு விவாதத்திலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள்.

கண்டனூரான்: உங்கள் கதவு என்று நான் சொல்லவே இல்லை. மூன்றாவது முறை கேட்கிறேன், ஏறியதா?

பள்ளத்தூர் ஆச்சி: ஓலைக்கு மசி தடவினால்தான் எழுத்துத் தெரியும் என்கிறார்களே, அதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

தேவகோட்டை ரஸ்தா: ஊரை விட்டுப் போனது போனதுதான்.